தோட்டப் பெயரின் வேரைத் தேட: நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஊர்ப்பெயர்த் தளம், ஒரு மதிப்பீடு

மலேசியாவில் நிபோங் தெபாலைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் பல மொழிகள் வந்துபோகும்: பைராம், கலிடோனியா, வால்டோர், டிரான்ஸ்கிரியான். கரும்பு போய்ப் பால்மரம் வந்தது, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் எனும் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. லயங்கள் இடிக்கப்பட்ட பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியின் பெயரில்தான். பள்ளிச் சிறப்பு மலருக்குக் கட்டுரை எழுத உட்காரும் ஆசிரியரோ, தோட்ட வரலாற்றைத் தொகுக்க நினைக்கும் முன்னாள் மாணவரோ முதலில் முட்டிக்கொள்ளும் கேள்வி, "இந்தப் பெயருக்கு என்ன பொருள்?" என்பதே. பெயர் இங்கிலாந்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்திருந்தால், அதற்கு விடை தரும் இலவசச் சேவை ஒன்று இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது, எங்கே அது கைவிடும் என்பதை இங்கே பார்க்கலாம்.

சேவையின் பெயர் 'கீ டு இங்கிலிஷ் பிளேஸ் நேம்ஸ்'. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பெயராய்வு நிலையம் நடத்தும் இணையத்தளம். (நம் நாட்டில் செமினியில் கிளை வளாகம் வைத்திருக்கும் அதே பல்கலைக்கழகம்தான்.) கட்டணம் இல்லை, பதிவு செய்ய வேண்டியதும் இல்லை. இதன் பின்னால் நிற்பது 1923இல் தொடங்கப்பட்ட ஆங்கில ஊர்ப்பெயர்க் கழகத்தின் உழைப்பு. இங்கிலாந்தின் கவுண்டிகளை (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளை) ஒவ்வொன்றாக எடுத்து, பழைய பட்டயங்களிலும் வரிக் கணக்குகளிலும் நீதிமன்ற ஏடுகளிலும் ஓர் ஊர்ப்பெயர் எந்த ஆண்டில் எப்படி எழுதப்பட்டது என்று திரட்டித் தொகுதி தொகுதியாக வெளியிட்டுவரும் கழகம் அது. யார்க்‌ஷரின் மேற்கு ரைடிங் பகுதிக்கு மட்டும் எட்டுத் தொகுதிகள், 1961 முதல் 1963 வரை வெளிவந்தன. ஆகவே தளத்தில் காணும் ஒரு வரி விளக்கம் யாரோ ஊகித்து எழுதியது என்று நினைக்க வேண்டாம். நம்பலாம், மேற்கோள் காட்டலாம். இந்த மதிப்பீட்டில் நாங்கள் சொல்லும் குறைகள் எல்லாம் இந்த நம்பிக்கைக்குப் பிறகு வருபவை.

தளத்தில் ஊரைப் பெயரால் தேடலாம், கவுண்டி வாரியாக வரைபடத்திலும் தேடலாம். வரைபடம் கைப்பேசியில் சிரமம், கணினித் திரையில்தான் வசதி. ஊரைத் தொட்டால் முதலில் ஒரு வரியில் பொருள் வரும். அதன் கீழே பெயரின் உறுப்புகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் உறுப்பும் எந்த மொழி, என்ன பொருள் என்று காட்டப்பட்டிருக்கும். நாட்டிங்ஹாம் நகரத்தையே எடுத்துக்கொள்வோம். 'ஸ்னோட் என்பவனின் வழிவந்த மக்களின் குடியிருப்பு' என்று பொருள். முதலில் அது ஸ்னோட்டிங்ஹாம். பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்களின் எழுத்தர்களுக்கு 'ஸ்ன' என்ற தொடக்கம் வாயில் நுழையாததால் 'ஸ்' உதிர்ந்தது. பக்கத்திலுள்ள ஸ்னெயின்டன் அதே ஆளின் பெயரில் அமைந்த ஊர், அங்கே 'ஸ்' உதிரவில்லை. இவ்வளவும் சில வரிகளுக்குள் கிடைத்துவிடும். இந்தச் சுருக்கம்தான் தளத்தின் பலம்.

ஆனால் தோட்டப் பெயரை நேரே கொண்டுபோய்த் தேடல் கட்டத்தில் தட்டுவது தவறான தொடக்கம். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். மலாயாவில் ஓர் ஆங்கிலப் பெயர் தோட்டத்துக்கோ ஊருக்கோ வந்த வழி பெரும்பாலும் ஓர் ஆள், ஒரு குடும்பம், ஒரு மாளிகை அல்லது ஒரு கம்பெனி வழியாக வந்த சுற்றுவழி. நம் பக்கத்து ஊரான பட்டர்வொர்த்தைப் பாருங்கள். 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த்தின் பெயர் அது. அவருடைய குடும்பப் பெயருக்கு மூலம் லங்காஷரில் ராச்டேல் அருகிலுள்ள பட்டர்வொர்த் என்ற இடம். பழைய ஆங்கிலத்தில் 'புட்டெரெ' என்றால் வெண்ணெய், 'வொர்த்' என்றால் வேலியடைத்த நிலம். ஆக, வெண்ணெய் எடுக்கும் அடைப்பு. 'பட்டர்வொர்த் நகரம் வெண்ணெய்ப் பண்ணையாக இருந்தது' என்று எழுதிவிட்டால் கதை கெட்டது. வெண்ணெய் ராச்டேலோடு சரி, பாகானுக்கும் (நம் பட்டர்வொர்த்தின் உள்ளூர்ப் பெயர்) அதற்கும் சம்பந்தமில்லை.

நம் முன்னோர் பலர் கப்பலிலிருந்து இறங்கிய போர்ட் சுவெட்டன்ஹாமும் இதே வகை. இன்றைய போர்ட் கிள்ளான். ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் என்ற அதிகாரியின் பெயர், அந்தக் குடும்பப் பெயரின் வேர் செஷர் கவுண்டியிலுள்ள சுவெட்டன்ஹாம் கிராமம், 'சுவேட்டா என்பவனின் குடியிருப்பு'. செபராங் பிறையின் பழைய பெயரான வெல்லஸ்லி மாநிலம், இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த ரிச்சர்ட் வெல்லஸ்லியின் பெயரால் வந்தது. அந்தக் குடும்பப் பெயர் சாமர்செட்டில் வெல்ஸ் நகரை ஒட்டிய வெல்லஸ்லி என்ற இடத்தைச் சுட்டும். அதன் பிற்பகுதியான 'லேயா' என்பதற்குக் காடு அல்லது காடழித்த வெளி என்று பொருள். தெலுக் இந்தானின் பழைய பெயரான தெலுக் ஆன்சனிலோ ஆன்சன் என்பது தந்தை அல்லது தாய் வழி வந்த குடும்பப் பெயர். அதற்கு ஊர் மூலம் தேடினால் கிடைக்காது, கிடைத்தது போலத் தெரிந்தாலும் அது வேறு.

எனவே முதல் வேலை பாதையைக் கண்டுபிடிப்பது. தோட்டத்தின் முதல் உரிமையாளர் யார், அவர் வீடு எங்கே, கம்பெனி எங்கே பதிவானது? இதற்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளம் கைகொடுக்கும். ரப்பர் கம்பெனிகளின் ஆண்டுக் கூட்ட அறிக்கைகள், நிலவிற்பனை விளம்பரங்கள், துரைமார்களின் இடமாற்றச் செய்திகள் எல்லாம் அதில் கிடைக்கும், அதுவும் இலவசம். தேடும்போது தோட்டப் பெயரோடு 'எஸ்டேட்' என்ற சொல்லையும் சேர்த்து ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பழைய அச்சைக் கணினி படித்த எழுத்துகளில் பிழை இருக்கும் என்பதால் ஓர் எழுத்தை மாற்றியும் தேடிப்பாருங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பெயர்ப்பலகையிலிருந்தோ பள்ளியின் பழைய பதிவேட்டிலிருந்தோ எடுக்க வேண்டும். தமிழில் நாம் சொல்லும் ஒலியிலிருந்து திருப்பி ஆங்கிலத்தில் எழுதினால் 'பைராம்', 'பைரோம்', 'பைரம்' மூன்றும் மூன்று திசையில் இழுக்கும்.

பைராமை முழுதாகப் பார்த்துவிடலாம். இந்த வட்டாரத்தில் தளத்தின் பயன் நன்றாகத் தெரியும் பெயர் இதுதான். நிபோங் தெபால் பகுதித் தோட்டங்களை நெடுங்காலம் வைத்திருந்தது ராம்ஸ்டன் குடும்பம். யார்க்‌ஷரில் ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்தின் பெரும்பகுதி நிலம் இவர்களுடையது. 1920இல் அந்நகர மன்றமே அந்த நிலத்தை விலைகொடுத்து வாங்கும்வரை அப்படித்தான் இருந்தது. கரும்புக் காலத்தில் இங்கே முதலீடு செய்த சர் ஜான் வில்லியம் ராம்ஸ்டனின் குடும்ப மாளிகைகளுள் ஒன்று பைராம் ஹால். மாளிகை இருந்த கிராமம் பைராம், ஏர் ஆற்றுக்கு வடக்கே, நாட்டிங்லி என்ற சிற்றூருக்கு எதிர்க்கரையில். இன்று பைராம்-கம்-சட்டன் என்ற இணைப்புப் பெயரில் வழங்கும் சிறு பாரிஷ், அதாவது ஊர் அளவிலான நிர்வாகப் பிரிவு. நடுவிலுள்ள 'கம்' லத்தீன், 'உடன்' என்று பொருள். சட்டன் என்பது 'தெற்குப் பண்ணை'. ஆக, தோட்டம், குடும்பம், மாளிகை, கிராமம் என்று பாதை கோத்துக் கிடைத்துவிட்டது. இப்போதுதான் தளத்தைத் திறக்க வேண்டும்.

பைராம் என்ற பெயரைப் பார்த்ததும், ஊர்ப்பெயர் பற்றிக் கொஞ்சம் படித்தவர்கள் உடனே 'பை' என்ற தொடக்கத்தைப் பிடித்துக்கொள்வார்கள். டார்பி, விட்பி, கிரிம்ஸ்பி ஆகியவற்றில் வரும் 'பி', ஸ்காண்டினேவியக் குடியேறிகளின் பழைய நார்ஸ் சொல். பண்ணை, ஊர் என்று பொருள். யார்க்‌ஷர் முழுக்க அவர்கள் குடியேறிய நிலம். அதனால் பைராமும் அப்படித்தான் என்று தோன்றும். இது தவறு. காரணத்தைத் தமிழர் எளிதில் பிடித்துக்கொள்ளலாம். பழைய ஆங்கிலத்திலும் நார்ஸிலும் ஊர்ப்பெயரின் அமைப்பு தமிழைப் போன்றது. அடை முன்னே, பொதுச்சொல் பின்னே. ஆலங்குடியில் 'குடி' கடைசியில் நிற்பதுபோல, கிரிம்ஸ்பியில் 'பி' கடைசியில் நிற்கிறது. மலாய் இதற்கு நேர் எதிர். நிபோங் தெபாலில் நிபோங் பனை முன்னே, 'அடர்ந்த' என்ற அடை பின்னே. சுங்கை பக்காப்பில் ஆறு முன்னே. மலாய்ப் பெயர்களுக்கு நடுவே வாழ்வதால் நம் கண் பெயரின் தொடக்கத்தில் பொதுச்சொல்லைத் தேடப் பழகியிருக்கிறது. ஆங்கிலப் பெயரில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கம்பிரியா போன்ற வடமேற்குப் பகுதிகளில் கெல்டிக் தாக்கத்தால் தலைகீழாக அமைந்த சில பெயர்கள் உண்டு, கர்க்ஆஸ்வால்ட் ஓர் எடுத்துக்காட்டு. பைராம் அந்த வகையில் சேராது.

பைராமின் உண்மையான வேர் பழைய ஆங்கில 'பூரெ'. மாட்டுத் தொழுவம். (அந்த உயிரொலிக்குத் தமிழில் எழுத்தில்லை. 'ஈ' சொல்லிக்கொண்டே உதட்டைக் குவித்தால் வரும் ஒலி.) இன்றைக்கும் வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் தொழுவத்துக்கு 'பையர்' என்றே சொல்வார்கள். 'அம்' எங்கிருந்து வந்தது? அது பன்மை வேற்றுமை உருபு. பழைய ஆங்கிலத்தில் 'தொழுவங்களில்', 'தொழுவங்களிடத்தில்' என்பதற்கு 'பூரும்'. ஊரைப் பற்றிப் பேசும்போது 'அங்கே, அந்தத் தொழுவங்களில்' என்று இடப்பொருளிலேயே சொல்லிச் சொல்லி அந்த வேற்றுமை வடிவமே பெயராக உறைந்துவிட்டது. 12ஆம் நூற்றாண்டு எழுத்தில் அது 'பிரும்'. உருபின் 'உம்' பிற்காலத்தில் 'அம்' என எழுதப்பட்டது. கவிஞர் பைரனின் குடும்பப் பெயரும் இதே 'பூரும்' என்பதிலிருந்து கிளைத்ததுதான். தமிழில் தொழுவூர் என்ற பெயர் நம்மிடம் இருக்கிறது. பொருளால் பைராமுக்கு உறவு அதுதான்.

இந்த வேற்றுமை உருபு விஷயம் பைராமோடு முடிவதில்லை. வட இங்கிலாந்தில் இது ஒரு கூட்டமே. கோட்டம் என்பது 'குடிசைகளில்', கிழக்கு யார்க்‌ஷரின் கில்ஹாம் 'சூளைகளில்', லங்காஷரின் லிதம் 'சரிவுகளில்', நியூஷம் 'புது வீடுகளில்', ஏகம் 'ஓக் மரங்களிடத்தில்'. இவற்றுள் பலவற்றின் கடைசியில் ஆங்கில எழுத்தில் 'ஹாம்' என்றே இருக்கும். ஆகவே 'ஹாம் என்றால் குடியிருப்பு' என்று மனப்பாடம் செய்துகொண்டு எல்லாப் பெயருக்கும் பொருத்துவது ஆபத்து. அந்த ஈற்றுக்குக் குறைந்தது நான்கு பிறப்பிடங்கள் உண்டு. 'ஹாம்' நெடிலாக இருந்தால் குடியிருப்பு, பர்மிங்ஹாம் அப்படி. குறிலும் இரட்டை மகர ஒற்றுமாக 'ஹம்ம்' என்று வந்தால் ஆற்று வளைவிலோ சதுப்பு நடுவிலோ அடைபட்ட நிலம், ஈவ்ஷம் அப்படி. மூன்றாவது மேலே சொன்ன 'உம்' உருபு. நான்காவது நார்ஸ் 'ஹோல்ம்', நீர் சூழ்ந்த மேடு. டர்ஹம் நகரின் பழைய வடிவம் டுன்ஹோல்ம், பிறகு நார்மன் வாயில் 'ன்' 'ர்' ஆகி இன்றைய வடிவம் எடுத்தது. இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் வைத்து இந்த நான்கையும் யாராலும் பிரிக்க முடியாது. பழைய எழுத்து வடிவங்களே தீர்ப்புச் சொல்லும், சில பெயர்களில் அவையும் போதாமல் ஆற்றங்கரையா மேடா என்று நிலத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

தளத்தின் முதன்மையான குறையும் இங்கேதான். பொருளும் உறுப்புகளும் தருகிறதே தவிர, எந்த ஆண்டில் எப்படி எழுதப்பட்டது என்ற பட்டியலைத் தருவதில்லை. தீர்ப்பு கைக்கு வருகிறது, சாட்சியம் வருவதில்லை. ஒரு மலருக்கு ஒரு வரி போதும் என்றால் இது குறையே ஆகாது. ஏன் அப்படி என்று மாணவர் கேட்டால் ஆசிரியருக்குப் பதில் சொல்ல அது போதாது. இன்னொன்று, தளத்தில் இருப்பவை நகரங்கள், சிற்றூர்கள், கிராமங்கள். பண்ணைவீடு, வயல், மாளிகை, தெரு போன்ற சிறு பெயர்கள் பெரும்பாலும் இல்லை. மலாயாத் தோட்டங்களுக்கு மாளிகைப் பெயரும் பண்ணைப் பெயரும் வந்திருப்பதால் இந்த இடைவெளி நமக்குக் கூடுதலாகவே உறைக்கும்.

இதற்கு மருந்து அதே நிலையத்தின் மற்றொரு தளம், ஆங்கில ஊர்ப்பெயர் ஆய்வுத் தொகுதிகளின் மின்வடிவம். ஆண்டும் ஆவணமும் குறித்த பழைய வடிவங்கள் இதில் வரிசையாக இருக்கும். ஆனால் உள்ளே போகும் வழி தெரிய வேண்டும். முதலில் கவுண்டி, பிறகு 'ஹண்ட்ரட்' என்னும் பழைய நிர்வாகப் பிரிவு, பிறகு பாரிஷ், அதன் கீழே ஊர். ஸ்காண்டினேவியர் குடியேறிய பகுதிகளில் ஹண்ட்ரட்டுக்குப் பதில் 'வாப்பன்டேக்' என்று இருக்கும். நார்ஸ் சொல், ஆயுதம் ஏந்துதல் என்று பொருள். பைராமுக்கான பாதை: யார்க்‌ஷர் மேற்கு ரைடிங், பார்க்ஸ்டன் ஆஷ் வாப்பன்டேக், பிரதர்டன் பாரிஷ், பைராம். கவுண்டியில் கவனம் தேவை. தொகுதிகள் 1974ஆம் ஆண்டு எல்லை மாற்றத்துக்கு முந்திய கவுண்டிகளைப் பின்பற்றுகின்றன. இன்றைய வரைபடத்தில் பைராம் வடக்கு யார்க்‌ஷரில் இருக்கிறது. அதை நம்பி வடக்கு ரைடிங் தொகுதியைப் புரட்டினால் ஊர் கிடைக்காது. 'தளத்தில் இல்லை' என்று பலர் கைவிடும் பெயர்கள் இப்படித் தவறான கவுண்டியில் தேடப்பட்டவையாகவே இருக்கும்.

குறியீடுகளையும் ஒருமுறை பழகிக்கொள்ள வேண்டும். உயிரெழுத்தின் மேல் கோடு இருந்தால் நெடில். அதைப் படியெடுக்கும்போது விட்டுவிட்டால் மேலே சொன்ன 'ஹாம்', 'ஹம்ம்' வேறுபாடு காற்றில் போய்விடும். குறில், நெடில் பொருளை மாற்றும் என்பதைத் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு சொல்லின் முன் நட்சத்திரக் குறி இருந்தால் அந்தச் சொல் எந்த ஏட்டிலும் நேரடியாகக் கிடைக்கவில்லை, அறிஞர்கள் மீட்டமைத்த வடிவம் என்று பொருள். அதை உறுதியான சொல்லாக அச்சிடக் கூடாது. தண்டு மேலும் கீழும் நீண்ட ஆங்கில 'பி' எழுத்தைப் போலத் தோன்றும் பழைய எழுத்து 'தோர்ன்', அதன் ஒலி இன்றைய ஆங்கில 'டிஎச்'. அதை 'பி' என்று படித்துத் தட்டச்சு செய்துவிட்டால் சொல்லே மாறிவிடும்.

ஓப்பன் டூம்ஸ்டே என்ற மற்றோர் இலவசத் தளத்தையும் பலர் பரிந்துரைப்பார்கள். வில்லியம் மன்னர் 1086இல் எடுத்த நிலக்கணக்கை ஊர்வாரியாகக் காட்டும் தளம். எத்தனை ஏர், எத்தனை குடும்பம், யார் நிலக்கிழார் என்று பார்க்க அருமையானது. பெயரின் பொருளுக்கு அது உதவாது, பழைய வடிவம் ஒன்றுக்கு மட்டும் உதவும். அந்த வடிவத்தையும் எழுதியவர்கள் பழைய ஆங்கில ஒலிகளுக்குப் பழகாத நார்மன் எழுத்தர்கள் என்பதை மறக்கக் கூடாது. டர்ஹம், நார்தம்பர்லாண்ட் போன்ற வடகோடிப் பகுதிகளும் லண்டனும் அந்தக் கணக்கில் இல்லை.

எந்தப் பெயர்களை இந்தத் தளத்தில் தேடவே கூடாது? கலிடோனியா முதலில். ஸ்காட்லாந்து நிலப்பரப்புக்கு ரோமானியர் வைத்த லத்தீன் பெயர் அது, இங்கிலாந்து ஊர் இல்லை. வால்டோர் பிரெஞ்சு, 'பொன் பள்ளத்தாக்கு'. டிரான்ஸ்கிரியானில் லத்தீன் 'டிரான்ஸ்' மலாய் ஆற்றுப்பெயரோடு சேர்ந்திருக்கிறது, கிரியான் ஆற்றுக்கு அப்பால் என்று. விக்டோரியா, ஹென்ரியெட்டா போன்ற பெண்பெயர்த் தோட்டங்களுக்கும் இங்கே வேலையில்லை.

கடைசியாக, விளக்கம் இரண்டாகக் கிடைக்கும் பெயர்களைப் பற்றி. தோட்ட முதலாளிகளின் குடும்பப் பெயரான ராம்ஸ்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இந்தப் பெயருள்ள இடங்கள் பல. பிற்பகுதி 'டெனு', பள்ளத்தாக்கு. இதில் சிக்கல் இல்லை. முற்பகுதி 'ஹ்ரம்சா' என்றால் காட்டுப் பூண்டு, 'ரம்' என்றால் ஆட்டுக்கடா. தொடக்க 'ஹ்' பழைய ஏடுகளில் இருந்தால் பூண்டு என்று தீர்த்துவிடலாம். ஆனால் நார்மன் எழுத்தர்கள் அந்த ஒலியை எழுதாமல் விடுவது வழக்கம் என்பதால், அது இல்லாததை வைத்துக் கடா என்று தீர்க்க முடியாது. இப்படிப்பட்ட பெயருக்குத் தளம் 'அல்லது' போட்டு இரண்டைக் கொடுத்தால் இரண்டையும் அப்படியே எழுதுங்கள். சுவையானதை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுவதுதான் சிறப்பு மலர்களில் அடிக்கடி நடக்கிறது. அடுத்த மலர் அதைப் பார்த்துப் படியெடுக்கும், பத்தாண்டில் அதுவே வரலாறு ஆகிவிடும்.

பைராமுக்கு மலரில் அச்சிட இந்த அளவு போதும்: "தோட்டத்தை வைத்திருந்த ராம்ஸ்டன் குடும்பத்தின் யார்க்‌ஷர் மாளிகை இருந்த கிராமம் பைராம். பழைய ஆங்கிலத்தில் 'மாட்டுத் தொழுவங்களில்' என்று பொருள். 12ஆம் நூற்றாண்டு வடிவம் பிரும்." இதற்குக் கீழே எந்தத் தளத்தில், எந்த நாளில் பார்த்தது என்று ஒரு வரி. தோட்டத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டல் தெரியும் பலகையோ பதிவேட்டுப் பக்கமோ கிடைத்தால் அதன் படமும் பக்கத்தில் இருக்கட்டும்.